லெட் என்றால் ‘விடு’ அல்ல

அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் எட்டு மேசைகள். ஜன்னலோரம் மூன்றாவது மேசை அவளுடையது. இருபத்தைந்து வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே சுவர். ஆபீசில் அவளுக்குப் பெயர் ‘டிக்ஷனரி’. அவளைவிடச் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் கேலி செய்ததில்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கட்டடம் முழுக்கத் தெரியும்.

கோபத்துக்கு இன்ன காரணம் என்று கிடையாது. கார்பன் தாளைத் திருப்பி வைத்தவன் மேல் கோபம். குடிதண்ணீர்ப் பானை மேல் பேனாவை வைத்துவிட்டுப் போனவன் மேல் கோபம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினால் அந்தக் கோபத்தை ஆபீசுக்கும் சுமந்து வருவாள். பதினொரு மணி வரை அது ஆறாது. அதன் பிறகு அன்றைய கோபம் தொடங்கும்.

நகல் பிரிவின் வேலை சுலபம், ஆனால் உயிரை வாங்கும். வழக்குக்காரர்கள் கேட்கும் பழைய பத்திரங்களையும் தீர்ப்புகளையும் அப்படியே டைப் செய்து, பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளது உள்ளபடி. மூலத்தில் காற்புள்ளி தப்பான இடத்தில் இருந்தால் நகலிலும் தப்பான இடத்திலேயே இருக்க வேண்டும். புத்தியை வீட்டில் வைத்துவிட்டு விரலை மட்டும் கொண்டுவர வேண்டிய வேலை.

அது தெரியாமல்தான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் அவள் மாட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பழைய இங்கிலீஷ் பத்திரம் ஒன்றில் ‘மெஸ்வேஜ்’ என்று ஒரு சொல் வந்தது. தோட்டமும் கிணறும் சேர்ந்த மெஸ்வேஜை இன்னார் இன்னாருக்குக் கொடுக்கிறார் என்று இருந்தது. எழுதியவன் ‘மெசேஜ்’ என்பதைத் தப்பாக எழுதிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல மனதோடு திருத்தி டைப் செய்தாள். ஒரு வீடு, தோட்டம், கிணறு எல்லாம் ஒரே நிமிடத்தில் வெறும் செய்தியாகிவிட்டன. வாங்கிப்போனவர் திரும்பி வந்து கத்தினார். அன்று சாயங்காலமே ‘பணியில் கவனக்குறைவு’ என்று மெமோ வந்தது.

மெமோவை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் மதியம் இரண்டாவது மாடியில் இருந்த நூலகத்துக்குப் போனாள். வக்கீல்கள் தவிர யாரும் போகாத அறை அது. அங்கே கனமான அகராதி ஒன்று நாடா போட்டுக் கட்டிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். மெஸ்வேஜ் என்றால் வீடும் அதைச் சேர்ந்த கொட்டகையும் நிலமும். இப்போது பேச்சு வழக்கில் இல்லை, பத்திரங்களில் மட்டும் உண்டு. அதோடு நிறுத்தியிருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். கீழே பொடி எழுத்தில் சொல்லின் பிறப்பும் போட்டிருந்தது. பழைய பிரெஞ்சில் ‘மெஸ்னேஜ்’ என்று ஒரு சொல் இருந்ததாம், குடித்தனம் என்று அர்த்தம். கையெழுத்தில் அதன் ‘என்’ என்ற எழுத்தும் ‘யூ’ என்ற எழுத்தும் ஒன்றுபோல் இருப்பதால், யாரோ ஒரு குமாஸ்தா அதைத் தப்பாகப் படித்து எழுதிவிட்டிருக்கலாம். அந்தத் தப்பே சொல்லாக நிலைத்துவிட்டது என்று அறிஞர்கள் நினைக்கிறார்களாம்.

அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். நூலகர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

“பல நூறு வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் தப்பா நகல் எடுத்தான். அவனுக்கு மெமோ இல்ல, அவன் தப்பை அகராதியில ஏத்தி வச்சிருக்காங்க. நான் அதைத் திருத்தினேன், எனக்கு மெமோவா?” என்று அந்த நூலகரிடம் கேட்டாள்.

“எங்கிட்ட ஏம்மா கத்தறீங்க?” என்றார் அவர்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு நூலகத்தில்தான் கழிந்தது. கால்மணியில் டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் படியேறிவிடுவாள். செத்துப்போன இங்கிலீஷ் சொற்கள், அர்த்தம் மாறிப்போன சொற்கள், பத்திரத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் சொற்கள். வீணாகப் போன நகல் தாள்களின் பின்பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, அதில் எழுதிக்கொண்டாள். ஒரு சொல்லின் பிறப்பு தெரிந்துவிட்டால் மேசைக்கடியில் அவள் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கீழே இறங்கி வந்த நாட்கள் உண்டு.

“கேளுங்க, ‘ஓவர்மாரோ’ன்னு ஒரு வார்த்தை இருந்திருக்கு,” என்று பக்கத்து மேசைக்காரியை இழுத்து வைத்துச் சொல்வாள். “நாளன்னிக்குன்னு அர்த்தம். அதைத் தொலைச்சுட்டு வெள்ளைக்காரன் இப்ப ‘நாளைக்கு அடுத்த நாள்’னு நீட்டி முழக்கறான். நாம பாருங்க, பத்திரமா வச்சிருக்கோம்.”

“அதுக்கு ஏன் திட்டற மாதிரி சொல்றீங்க?”

“தொலைச்சவனைத் திட்டாம?”

அவளுக்குச் சந்தோஷமும் கோபத்தின் குரலில்தான் வரும். நிஜமாகவே கோபமூட்டும் சொற்களும் இருந்தன. ‘ஹஸ்ஸி’ என்றால் இன்று வெட்கங்கெட்டவள். ஆதியில் அது வீட்டைக் கட்டிக் காப்பவள் என்ற சொல்லின் சுருக்கம். ‘காஸிப்’ என்றால் இன்று வம்பு. ஒரு காலத்தில் அது பிரசவத்துக்குத் துணை வந்த நெருங்கிய தோழிகளைக் குறித்தது. அதே நேரத்தில் ‘கே’யில் தொடங்கும் ‘நைட்’ என்ற சொல் வேலைக்காரப் பையன் என்ற அர்த்தத்திலிருந்து கிளம்பிப் பெரிய மனிதர்களின் பட்டமாகியிருந்தது. “வேலைக்காரப் பையன் பிரபு ஆயிட்டான், வீட்டுக்காரி மட்டும் கெட்டவ ஆயிட்டா,” என்று அந்தப் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. நாள் முழுக்க இருட்டுக் குழியில் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவருக்கு, அவள் சொல்லும் சொற்கதைகள் கேட்க நன்றாகத்தான் இருந்தன. சங்கடம் அவருடைய அக்காவால் வந்தது.

நாத்தனாருக்குத் தையல் தொழில். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பின் தெருவில் வீடு. பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுப்பவர். கைவேகமும் வாய்வேகமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஒருநாள் அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அவர் மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை தன் மனைவியைச் செல்லமாக ‘சில்லி’ என்றார். நம்மவள் சும்மா இருப்பாளா?

“அது ரொம்ப நல்ல வார்த்தை மாப்பிள்ளை. சில்லின்னா முதல்ல பாக்கியசாலின்னு அர்த்தம். அப்புறம் அப்பாவின்னு ஆச்சு, அப்புறம் பாவப்பட்டதுன்னு ஆச்சு, கடைசியிலதான் முட்டாள்னு ஆச்சு.”

நாத்தனார் சமையலறையில் இருந்தார். குக்கர் விசில் அடங்கியபோது அவர் காதில் விழுந்தது கடைசிப் பகுதி மட்டும்தான். மாப்பிள்ளை முன்னால் என் பெண்ணை முட்டாள் என்றாளா என்று கரண்டியோடு வெளியே வந்தார். விளக்கம் சொல்லச் சொல்ல விவகாரம் முற்றியது. “படிச்ச திமிரு! வீட்டுக்குள்ள வந்து அகராதி காட்டறா!” என்று நாத்தனார் கத்த, “காதைக் கழுவிட்டுக் கேளுங்க அண்ணி!” என்று இவளும் கத்த, அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். இடையில் மெக்கானிக் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார்.

அப்படி ஒரு ஞாயிறு போய் வந்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: “ஐஸ் கம்பெனிக்காரங்க சந்துக்கு கேட் போட்டுட்டாங்க. பூட்டும் போட்டுப் பத்து மாசமாச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.”

பின் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர அந்தச் சந்து ஒன்றுதான் நேர்வழி. அடைத்துவிட்டால் சரக்கு ரயில் யார்டைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாத்தனாருக்கு இரண்டு முழங்காலும் போய் நான்கு வருடமாகிறது. தைத்த துணி மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து, யார்டின் ஜல்லிக் கற்கள் மேல் தள்ளிக்கொண்டு போகிறார். தெருக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், தோற்றும்விட்டார்கள். கம்பெனி மனையின் ஆதிப் பத்திரத்திலேயே ஜனங்களை விடக்கூடாது என்று எழுதியிருக்கிறதாம். இப்போது மேல்முறையீடு.

“அப்படியா?” என்றாள் அவள். நாத்தனார் விஷயத்தில் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியம்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆதிப் பத்திரம் நகலுக்காக அவள் மேசைக்கே வந்தது. நூற்று இருபது வருடத்துக்கு மேலான இங்கிலீஷ் பத்திரம். ஓரம் செல்லரித்து, மை பழுப்பாகியிருந்தது. வழக்கம்போல் விரல் தட்டிக்கொண்டு போனது. நாலாவது பக்கத்தில் நின்றது. மனையை வாங்குபவரும் அவர் வாரிசுகளும், பின் தெரு ஜனங்கள் சாலைக்குப் போகும் போக்கில் அவர்களை ‘லெட்’ செய்யலாகாது. மேற்படி சந்துப் பாதையை எட்டடி அகலத்துக்குக் குறையாமல் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும்.

அவள் கால்விரல்கள் மடங்கின.

லெட் என்றால் விடு, அனுமதி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இங்கிலீஷில் இரண்டு லெட் இருந்தன. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. இரண்டாவது லெட்டுக்குத் தடு, தாமதப்படுத்து என்று அர்த்தம். ‘லேட்’ என்ற சொல்லுக்கு உறவுக்காரன். ஒரே ஒலியில் நேரெதிரான இரண்டு அர்த்தங்கள் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாமல் போய், தடுக்கிற லெட் மெல்ல ஒதுங்கிச் செத்துவிட்டது. அந்த இரண்டு லெட்டுகளுக்காக அவள் தன் தைத்த நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தாள்.

அப்படியென்றால் பத்திரம் சொல்வது, ஜனங்களைத் தடுக்கக்கூடாது என்று. விடக்கூடாது என்று அல்ல. விடவே கூடாத சந்தை எந்த மடையன் எட்டடி அகலத்துக்குப் பழுதுபார்த்து வைப்பான்?

சந்தோஷம் அரை நிமிடம்தான். அதற்குள் கண்மண் தெரியாத கோபம் வந்துவிட்டது. கீழ்க்கோர்ட்டில் இரண்டு பக்க வக்கீல்கள், ஒரு நீதிபதி, மூன்று பேர் படித்திருக்கிறார்கள். ஒருவனுக்காவது அகராதியைத் திறக்கத் தோன்றவில்லை. ஒரு வருடமாக ஒரு தெருவே ஜல்லியில் நடக்கிறது!

பிரிவுத் தலைவரிடம் போனாள். அவருக்குப் பிரிவில் வைத்த பெயர் ‘ரப்பர் ஸ்டாம்பு’. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நாம நகல் எடுக்கறவங்கம்மா. அர்த்தம் சொல்றது நம்ம வேலை இல்ல.”

“அர்த்தம் தெரிஞ்சும் சும்மா இருக்கறது நம்ம வேலையா சார்?”

“தெரியாத மாதிரி இருங்க. நான் இருக்கேன் இல்ல?”

அதற்கு மேல் பேசினால் அந்த மேசை மேலிருந்த ஸ்டாம்பு பேடைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று பயந்து வெளியே வந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லை. யார்டைச் சுற்றிக்கொண்டு, ஜல்லியில் இரண்டு தடவை கால் பிசகி, இரண்டு வருடத்துக்குப் பிறகு நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

நாத்தனார் தையல் மெஷினில் இருந்தார். பார்த்தார். மெஷினை நிறுத்தவில்லை.

“வழி தவறி வந்துட்டியா?”

“வழிக்காகத்தான் வந்திருக்கேன் அண்ணி. உங்க பத்திரத்துல தப்பாப் படிச்சிருக்காங்க. லெட்னு ஒரு வார்த்தை.”

“ஆரம்பிச்சுட்டா!”

“நீங்க என்னை என்ன வேணா திட்டுங்க. மெஷினை நிறுத்திட்டுத் திட்டுங்க. ஒரு தடவை முழுசா கேளுங்க, கடைசி வார்த்தையை மட்டும் கேட்காதீங்க.”

மெஷின் நின்றது. அவள் சொல்லி முடிக்கும் வரை நாத்தனார் குறுக்கே பேசவில்லை. அது அவர் வாழ்க்கையில் அபூர்வமான பத்து நிமிடம். முடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப நான் ஒரு வருஷமா இந்த வண்டியைத் தள்ளினது ஒருத்தன் அகராதி பார்க்காததாலயா?”

“மூணு பேரு அண்ணி.”

“நாசமாப் போறவனுங்க,” என்றார் நாத்தனார். இருவரும் ஒரே ஆட்கள் மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இருவருமாகத் தெருக்காரர்களின் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். வக்கீல் நல்ல மனிதர், ஆனால் காது கேட்காத நல்ல மனிதர். அதாவது பிறர் சொல்வது கேட்காது.

“அம்மா, லெட்னா விடுறது. என் ஆறு வயசுப் பேத்திக்கே தெரியும்.”

“உங்க பேத்தி படிக்கிறது இன்னைய இங்கிலீஷ் சார். பத்திரம் எழுதினவன் பேத்தி இல்ல.”

“நான் வேற ரூட் வச்சிருக்கேன். அந்த ‘நாட்’ இருக்கு பாருங்க, கூடாதுங்கற வார்த்தை, அதைக் குமாஸ்தா கைதவறி எழுதிட்டான்னு வாதாடப் போறேன். எழுத்துப்பிழை! சுலபமா முடிஞ்சுடும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குமாஸ்தா பிழை செய்யவில்லை. அழகாக, சுத்தமாக, ஒரு சொல்லும் வீணாகாமல் எழுதியிருந்தான். அவன் செத்து எத்தனையோ வருடமான பிறகு, தனக்குப் படிக்கத் தெரியாததற்கு அவன் தலையில் பிழையைக் கட்டுகிறார் இந்த மனிதர். அகராதிப் பக்கங்களின் ஜெராக்ஸை மேசை மேல் வைத்து, “படிச்சுப் பாருங்க, ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க,” என்றாள். வக்கீல் சிரித்துக்கொண்டே அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

விசாரணை அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் மாடிக் கோர்ட்டு அறையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார். மேடையில் ஒரு பெண் நீதிபதி. கண்டிப்பானவர் என்று பெயர். வக்கீல் எழுந்தார். சொன்னபடியே எழுத்துப்பிழை என்று தொடங்கினார். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் அரைகுறைப் படிப்பாளிகள், கவனமில்லாதவர்கள் என்றார். ஐஸ் கம்பெனி வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். பிழை என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“பிழை இல்லம்மா!”

குரல் தன்னுடையது என்று அவளுக்கே இரண்டு விநாடி கழித்துத்தான் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தாள்.

“யார் நீங்க?” என்றார் நீதிபதி.

“நகல் பிரிவும்மா. அந்தப் பத்திரத்தை டைப் பண்ணது நான்தான். எழுதினவர் சரியாத்தான் எழுதியிருக்கார். நாமதான் தப்பாப் படிக்கிறோம். அது பழைய லெட்டும்மா. தடுக்கக்கூடாதுன்னு அர்த்தம்.”

ஐஸ் கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். “இதென்ன கோர்ட்டா, சந்தையா?”

“உட்காருங்க,” என்றார் நீதிபதி அவளிடம். “நீங்க இந்த வழக்கில் சாட்சி இல்ல.”

“உட்கார்றேன்ம்மா. டென்னிஸ்ல பந்து வலையில பட்டா லெட்டுன்னு சொல்றாங்களே, அது இந்த லெட்தான். பாஸ்போர்ட்ல முதல் பக்கத்துல இருக்கறதும் இதுதான்...”

“இனி ஒரு வார்த்தை பேசினா வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.”

“...அவர் பையில அகராதிப் பக்கம் இருக்கும்மா, நான் குடுத்ததுதான், எடுக்கச் சொல்லுங்க!”

வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் மேல் கோபம், வக்கீல் மேல் கோபம், கதவு மேல்கூடக் கோபம். கதவு கனமாக இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி கழித்து நாத்தனார் வெளியே வந்தார். வரும்போதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று இவள் பதறி எழுந்தாள். அழவில்லை, சிரிப்பு.

“நீ போனதும் அந்தம்மா, அகராதிப் பக்கத்தை எடுங்கன்னாங்க. நம்ம ஆளு பையைக் கவுத்து, பொடி டப்பா, சீப்பு எல்லாம் விழுந்து, கடைசியில எடுத்தாரு. அந்தம்மா படிச்சாங்க. படிச்சுட்டு, யார்கிட்டயாவது பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க. ஐஸ் கம்பெனி வக்கீல் இருக்காரே, அவரோட ஜூனியர் பொண்ணு டக்குன்னு, ‘எங்க சார் பையிலயே இருக்கும்மா, இன்னைக்கு விசாவுக்குப் போறார்’னுச்சு! அந்தாளு அதை முறைச்ச முறைப்பு இருக்கே...”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அவரையே எழுந்து படிக்கச் சொன்னாங்க. ஏதோ... வித்தவுட் லெட்டாம்.”

“வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்,” என்றாள் அவள். “தடையும் இடையூறும் இல்லாம போக விடணும்னு அர்த்தம்.”

“அதேதான். விடாம போக விடணும்னா எழுதியிருக்குன்னு அந்தம்மா அவரைக் கேட்டாங்க. மனுஷன் பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள்ள திணிச்சுட்டாரு.”

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒரே காட்சியைப் பார்க்காமல் போய்விட்டாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஜனங்களைத் தடுக்கலாகாது என்பதே பத்திரத்தின் பொருள். சந்தைப் பழுதுபார்க்கச் சொல்லும் அடுத்த வரியும் அதையே காட்டுகிறது. பதினைந்து நாளில் கேட்டை எடுக்க வேண்டும். தெருவே கூடி நின்று பார்க்க, ஐஸ் கம்பெனி ஆட்களே வெல்டிங்காரரைக் கூட்டிவந்து கேட்டை அறுத்தார்கள்.

தீர்ப்பின் நகல் அவள் மேசைக்குத்தான் வந்தது. பன்னிரண்டு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் இப்படி இருந்தது: ‘வழக்கொழிந்த இச்சொல்லின் பொருளை ஆழ்ந்த ஆராய்ச்சியால் வெளிக்கொணர்ந்த மேல்முறையீட்டாளர்களின் வழக்கறிஞரை இந்நீதிமன்றம் பாராட்டுகிறது.’

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். எழுந்து ஜன்னல் வரை போனாள். சுவரைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு சொல்லை மாற்றினால் போதும். வேண்டாம், ஒரே ஒரு எழுத்து தவறினால்கூடப் போதும், அந்த ஆராய்ச்சி வேறு ஏதாவதாகிவிடும். பக்கத்து மேசைக்காரி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல.”

உள்ளது உள்ளபடி டைப் செய்தாள். காற்புள்ளி, அரைப்புள்ளி எதுவும் மாறவில்லை. ஒன்பதாவது பக்கத்தின் அடியில் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்திட்டபோது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருந்தது. அதாவது அந்தப் பாராட்டை அவள் இரண்டு தடவை டைப் செய்தாள்.

மறுவாரம் அவளுக்கு மெமோ. நீதிமன்ற நடவடிக்கையில் குறுக்கிட்டது, பதவிக்கு மீறிக் கருத்துச் சொன்னது. தண்டனையாக அடித்தளப் பழைய பதிவறைக்கு மாற்றம். அவள் எழுதிய பதில் நான்கு பக்கம். அதிலிருந்து ஒரு பகுதி இன்னும் அந்த ஆபீசில் வாய்வழியாக உலவுகிறது: ‘நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. அர்த்தத்தைச் சொன்னேன். கருத்துக்கும் அர்த்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது மாடி நூலகத்தில், இடது அலமாரியில், கீழ்த்தட்டில் உள்ளது. சாவி மேசை இழுப்பறையில்.’

ரப்பர் ஸ்டாம்பு அதன் மேல் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார்.

இந்தச் செய்தி பின் தெருவுக்கு எட்டிய மறுநாள், அலுவலக நேரத்தில் நாத்தனார் நகல் பிரிவுக்குள் வந்து நின்றார். “இங்க ரப்பர் ஸ்டாம்பு யாரு?” என்று கேட்டார். அது பட்டப்பெயர் என்று பாவம் அவருக்குத் தெரியாது. எட்டு மேசையும் குனிந்துகொண்டன. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என் தம்பி பொண்டாட்டி என்ன தப்பு பண்ணினா? ஒரு தெருவுக்கு வழி விட்டா. அதுக்குக் கீழ ரூம்ல போட்டு அடைப்பீங்களா? அவளைத் திட்டறதா இருந்தா நான் திட்டுவேன், எனக்கு உரிமை இருக்கு. நீங்க யாரு?”

கடைசியில் காவலாளி வந்து, ‘அம்மா, அம்மா’ என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனார். படியில் இறங்கும்போது முழங்கால் வலியையும் மீறி நாத்தனார் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே போனார்.

பதிவறை என்பது பூமிக்கடியில் நீளமான கூடம். இரும்பு அலமாரிகள், சிவப்புத் துணியில் கட்டிய பத்திர மூட்டைகள், பூச்சி மருந்து வாடை. அங்கே போட்டால் ஆட்கள் மூன்று மாதத்தில் நீண்ட விடுப்பில் போய்விடுவார்கள். இவள் முதல் நாள் ஒரு மூட்டையைப் பிரித்தாள். சாயங்காலம் காவலாளி வந்து விளக்கை அணைக்கப்போவதாகச் சொல்லும் வரை தலை நிமிரவில்லை. ஒன்பது மாதத்தில் இரண்டு நோட்டுகள் நிறைந்தன. மண்வெட்டிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் வரப்புக்கும் வேலிக்கும் இங்கிலீஷில் யாரும் இன்று பேசாத சொற்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தன.

“உனக்குத்தான் அங்க பிடிச்சிருக்கே. அப்புறம் எதுக்கு மனு மேல மனுவாப் போட்டுட்டு இருக்கே?” என்று ஒருநாள் கணவர் கேட்டார்.

“பிடிச்சிருக்கு. அது வேற விஷயம். தண்டனைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அந்த வார்த்தையை எடுக்கணும்.”

“எடுத்துட்டா மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துட்டு உட்காரணுமே?”

“உட்காருவேன்.”

மெக்கானிக் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லாத இடம் எது என்று அவருக்குத் தெரியும்.

பதினான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தண்டனை ரத்து, பதிவேட்டிலிருந்து நீக்கம், பழைய இடத்திலேயே பணி. பாதி படித்த மூட்டைகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி, ‘யாரும் தொடக்கூடாது’ என்று எழுதிவைத்துவிட்டு, உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினாள். மதிய நேரங்களில் இனி இரண்டாவது மாடிக்குப் பதில் கீழே இறங்கிவருவது என்று முதல் படியிலேயே முடிவு செய்திருந்தாள். பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் ஸ்டாம்பு உத்தரவை வாங்கி முத்திரை குத்தினார். லேசாகச் சிரித்ததாகவும் சிலர் சொல்கிறார்கள்.

அவள் மூன்றாவது மேசைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே சுவருக்கு யாரோ புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். உட்காரப்போனவள் அப்படியே நின்றாள்.

“என் நாற்காலியை மாத்தினது யாரு?” என்றாள்.

எட்டு மேசையும் குனிந்துகொண்டன.